மில் சுவருக்கு மேலே ஒரு முழம்

பிப்ரவரி 2, திங்கள்

ஏரி இறங்க ஆரம்பித்துவிட்டது. படகுத்துறையில் போன வாரம் தண்ணீருக்குள் இருந்த படி இன்று காலை பாசியோடு வெளியே நின்றது. அதில் முதலில் வழுக்கி விழுந்தது யார் என்றால், "பார்த்து வாங்க, வழுக்கும்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்த நான்தான். முழங்காலில் சிராய்ப்பு. பயணிகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் படகில் ஏற்ற மாட்டேன் என்று பயந்திருப்பார்கள்.

காலைப் படகு நடை முடிந்ததும், தண்ணீருக்கு அடியில் ஆபத்து இருக்கும் இடங்களில் மிதவைகளைக் கட்டிவிட்டு வந்தேன். மண் திட்டுக்கு ஒன்று, மொட்டை மரங்களுக்கு ஒன்று, மில் சுவருக்கு ஒன்று. அணை கட்டியபோது இங்கிருந்த பழைய மில்லின் கூரை ஓடுகளையும் இயந்திரத்தையும் கழற்றிக்கொண்டு போனவர்கள் சுவரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஏரி நிறைந்திருக்கும்போது அது எங்கோ ஆழத்தில் கிடக்கும். நன்றாக வற்றிவிட்டால் தலையை வெளியே நீட்டும், கொக்கு உட்காரும், குருடனும் விலகிப் போவான். இந்த இரண்டுக்கும் நடுவில், சுவருக்கு மேலே ஒரு முழம் தண்ணீர் நிற்கும் நாட்கள்தான் பொல்லாதவை. மேலிருந்து பார்த்தால் மற்ற இடத்துத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தோள்வரை கையை விட்டு, சுவரில் துருத்தி நிற்கும் கம்பியைத் துழாவிப் பிடித்து, சிவப்பு அடித்த எண்ணெய் டப்பாவைக் கட்டினேன். இரண்டு முடிச்சு போதும். மூன்று போட்டேன், அது என் குணம்.

லைஃப் ஜாக்கெட் சண்டை இன்றும் உண்டு. அக்கரையில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா மட்டும் சொல்லாமலே எடுத்து மாட்டிக்கொள்வார். புதிதாக வரும் ஒரு இஸ்திரிச் சட்டைக்காரர், "இதைப் போட்டா சட்டை கசங்கும்மா" என்றார். "நனைஞ்சா இன்னும் கசங்கும் சார்" என்றேன். மாட்டிக்கொண்டார். முகத்தைத்தான் தூக்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கொழுந்தன் வந்து, "அண்ணி, சுவர்மேல டப்பா கட்டிட்டீங்களா?" என்று கேட்டான்.

"கட்டிட்டேன்."

"வேற எங்கயாவது தள்ளிக் கட்டக் கூடாதா?"

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.


பிப்ரவரி 5, வியாழன்

விளையாட்டு இல்லையாம்.

தண்ணீர் இறங்க இறங்க மீனெல்லாம் நிழல் தேடி மில் சுவரோரம் ஒதுங்கும். அது கொழுந்தனுக்குத் தெரியும். அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை, எங்களிடம் உட்பட. மற்றவர்கள் நாள் முழுக்கத் தூண்டிலைப் போட்டுவிட்டு வெறும் கூடையோடு வரும்போது இவன் மட்டும் கூடை நிறையக் கொண்டுவருவது எப்படி என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொள்கிறது. இந்த நேரத்தில் அண்ணிக்காரி அங்கே சிவப்பு டப்பாவைக் கட்டினால் அது கடைக்குப் போர்டு மாட்டின மாதிரி ஆகிவிடுமாம். அடியில் ஏதோ இருக்கிறது என்றால் மீனும் இருக்கும் என்று மற்ற மீன்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

சாப்பிடும்போது ஆரம்பித்தான். "கண்ணு தெரியாதவங்களுக்குத்தான் அண்ணி டப்பா வேணும். நீங்க தினம் போற பாதை. சுவர் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா தண்ணி இறங்கினா கரையே நகருது தம்பி. நேத்து இந்தப் பாறைக்கு நேரா இருந்தது இன்னைக்கு அந்த மரத்துக்கு நேரா இருக்கு. கரையைப் பார்த்து ஓட்டினா ஏமாந்துதான் போகணும்."

"மெதுவா ஓட்டுங்க."

"நீ மெதுவா மீன் பிடி."

அத்தை, என் மாமியார், பெரிய மீன் துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தார். என் தட்டில் வைத்தது வால். நான் எடுத்துத் தின்றேன், வாலில்தான் ருசி அதிகம் என்று அவருக்குத் தெரியாது.

இவர், அதாவது என் வீட்டுக்காரர், தட்டைப் பார்த்தபடியே, "சாப்பிடும்போது எதுக்கு இதெல்லாம்" என்றார். சாப்பிட்ட பிறகும் பேச மாட்டார். இவருக்கு எந்தப் பேச்சுக்கும் நேரம் வாய்ப்பதில்லை. நாள் முழுக்கப் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு எங்கே பழுது என்று கண்டுபிடிக்கிற மனுஷன்!


பிப்ரவரி 10, செவ்வாய்

மதகைத் திறந்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை. ஏரி அலுவலக மேற்பார்வையாளர் கழுத்தில், மதகு திறந்தால் ஊதுவதற்கென்று ஒரு விசில் தொங்குகிறது. அதை அவர் ஊதி நான் கேட்டதே இல்லை.


பிப்ரவரி 12, வியாழன்

எழுத்து கோணல் கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும், நாளைக்கு நானே மாற்றி நினைத்துக்கொள்வேன்.

காலை நடை. வெயில் நேர் எதிரே. தண்ணீர் முழுக்கத் தகரத் தகடு மாதிரி மின்னியது, கண்ணைத் திறக்க முடியவில்லை. சிவப்பு டப்பாவைத் தேடிக்கொண்டே போனேன். தெரியவில்லை. தெரியவில்லை என்றால் என்ன நினைப்பேன்? இன்னும் சுவர் வரவில்லை என்றுதானே நினைப்பேன்? டப்பா வந்ததும் வளைக்கலாம் என்று நேராகவே போனேன். டப்பா வரவில்லை. சுவர் வந்துவிட்டது.

அந்தச் சத்தம் — படகின் அடிவயிற்றில் யாரோ கடப்பாரையால் இடித்த மாதிரி. மூக்கு மேலே எழும்பியது, அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் விழுந்தேன். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டியிருந்ததால் நான் விழுந்ததும் எஞ்சின் நின்றுவிட்டது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்க மாட்டேன். எல்லோரும் எழுந்து ஒரே பக்கமாக ஓடப் பார்த்தார்கள். "யாரும் எழுந்திருக்காதீங்க, உக்காருங்க, தரையில உக்காருங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இஸ்திரிச் சட்டைக்காரர் தண்ணீரில் விழுந்துவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஜாக்கெட் இருந்தது, மிதந்தார். துடுப்பை நீட்டி இழுத்துப் போட்டோம். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார், பாவம்.

தையல்காரம்மா பெஞ்சு விளிம்பில் போய் விழுந்தார். வலது மணிக்கட்டு. வலது கைதான். அவர் அழவில்லை. மடங்கித் தொங்கிய கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, "எலும்பு போச்சும்மா, சத்தம் கேட்டுச்சு" என்றார், ஏதோ துணி கிழிந்ததைச் சொல்கிற மாதிரி.

மூணு முடிச்சு போட்டேனே. மூணு முடிச்சு போட்டேன். எப்படி அவிழும்?


பிப்ரவரி 13, வெள்ளி

அவிழவில்லை.

இன்று இவருடைய பட்டறைப் படகை வாங்கிக்கொண்டு துடுப்பு போட்டே போனேன். கையை விட்டுத் துழாவினேன். கம்பியில் என் மூன்று முடிச்சும் கல் மாதிரி அப்படியே இருந்தன. முடிச்சுக்கு மேலே ஒரு சாண் கயிறு. அதன் நுனி நைந்துபோகவில்லை, பிரிந்துபோகவில்லை, சுத்தமாக வெட்டியிருந்தது. தேய்ந்து அறுந்த கயிற்றுக்கும் கத்தி பட்ட கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை நாள் தண்ணீரில் கிடக்கிறேன்?

அதே கம்பியில் பக்கத்தில் இன்னொரு மெல்லிய நூல் கட்டியிருந்தது. அதன் நுனியில் ஒரு தக்கை, கட்டைவிரல் அளவு. அதை வைத்தவனுக்கு மட்டும் தெரியும் தக்கை.


பிப்ரவரி 14, சனி

டப்பா கிடைத்தது. எங்கே? எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால். அத்தை அதில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். சிவப்பு பெயின்ட் முகத்துக்கு நேராக இருந்தது.

"இது எப்ப வந்துச்சு அத்தை?"

"சின்னவன் கொண்டாந்தான். நல்ல டப்பா, ஓட்டை இல்ல."

கொழுந்தனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூட அவன்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

"அதுக்குப் பதிலா ஒரு தக்கை போட்டிருந்தேனே அண்ணி. பார்க்கலையா?"

"அந்த வெயில்ல பருந்துக்குக்கூடத் தெரியாதுடா அது."

"எனக்குத் தெரியுது."

இவரிடம் டப்பாவைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். பார்த்தார். பிறகு, "தண்ணியைக் கொட்டிட்டு உள்ள எடுத்து வை, யாராவது பார்க்கப்போறாங்க" என்றார்.


பிப்ரவரி 15, ஞாயிறு

குடும்பமே உட்கார்ந்து பேசியது. என் நாத்தனார் மட்டும்தான் குறை, அவரும் போனில் இருந்தார்.

விஷயம் இதுதான். கொழுந்தன் ஏற்கெனவே மீன்குஞ்சுகூடத் தப்பாத, தடை செய்த பொடி வலை போட்டு இரண்டு முறை மாட்டியிருக்கிறான். இன்னொரு புகார் வந்தால் இந்த ஏரியில் தூண்டில்கூடப் போட முடியாது. அதனால் முடிச்சு தானாக அவிழ்ந்தது என்று நான் சொல்ல வேண்டும். சரியாகக் கட்டாதது என் கவனக்குறைவு ஆகிவிடும், அவ்வளவுதான். என் லைசென்ஸைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். எல்லாமே அவ்வளவுதான்.

"அவன் பொழப்பு போனா அவன் என்ன பண்ணுவான்? உனக்கென்ன, வீட்டுக்காரன் சம்பாதிக்கிறான்" என்றார் அத்தை.

"தையல்கார அக்காவோட கை உடைஞ்சிருக்கு அத்தை."

"கை கூடிடும்."

அத்தை நல்லவர்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஈரத்துணி போடுவார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. முழுக்கக் கெட்டவராக இருந்தால் எழுந்து போயிருப்பேன்.


பிப்ரவரி 17, செவ்வாய்

விசாரணை. ஏரி அலுவலகத்தின் முன்னறை. சுவரில் படகில் எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு படம், அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. விசில்காரர் மேஜைக்குப் பின்னால். கழுத்தில் விசில்.

"மிதவை கட்டியிருந்தீங்களா?"

"கட்டியிருந்தேன்."

"அப்ப அது எங்க?"

வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். டப்பா எங்கள் கொல்லையில் இருக்கிறது சார், வந்து பாருங்கள் என்று சொல்லத்தான் திறந்தேன். மேஜைக்கு அடியில் இவர் என் கையைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் இவர் என் கையைத் தொட்டதே இல்லை. நான் வாய் திறந்தபடி உட்கார்ந்திருக்க, இவரே பதில் சொல்லிவிட்டார்.

"முடிச்சு அவிழ்ந்துடுச்சு சார். பொம்பளைக் கை, இறுக்கம் பத்தாது."

விசில்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த உலகத்தில் எல்லோருக்கும் உடனே புரிகிற காரணம் அது ஒன்றுதான்.

நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை? கையைத் தொட்டதற்காகவா? இதுக்குப் பேர் என்ன? பாசமா? எனக்கு இப்போ இந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கலை.


பிப்ரவரி 19, வியாழன்

ஏரி மறுபடி நிறையும்வரை படகோட்டக் கூடாது என்று உத்தரவு. நல்லது. என் படகே ஓட்டையாகிப் பட்டறையில்தான் கவிழ்ந்து கிடக்கிறது.


பிப்ரவரி 24, செவ்வாய்

தையல்காரம்மாவைப் பார்க்கப் போனேன். கடை பூட்டியிருந்தது. வீடு கடைக்குப் பின்னால். கையில் மாவுக்கட்டு. யாரோ தைக்கக் கொடுத்த பள்ளிச் சீருடைகள் வெட்டியபடியே மேஜையில் குவிந்திருந்தன. ஒருவர் வந்து தைக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனார், நான் இருக்கும்போதே.

"வலிக்குதா அக்கா?"

"ராத்திரியில கொஞ்சம்."

பிறகு அவரே கேட்டார். "நான் அந்தப் படகுல ஏறினதே நீ ஓட்டறேன்னுதாம்மா. நீ ஜாக்கெட் பட்டையைக்கூட இழுத்துப் பார்ப்பே. உன் முடிச்சு எப்படிம்மா அவிழ்ந்துச்சு?"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் ஒரு ஊசி கிடந்தது. எடுத்து, அவர் ஊசி செருகும் சின்னப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.


மார்ச் 3, செவ்வாய்

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தப் பருவம் முழுக்க மிதவை கட்டும் பொறுப்பை அலுவலகம் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டது. "ஏரி அடியில எங்க என்ன இருக்குன்னு இவருக்குத்தான் நல்லாத் தெரியுது" என்றாராம் விசில்காரர். தெரியாமல் பின்னே?

அவனுக்குப் புது மிதவைகள் கொடுத்திருக்கிறார்கள், கடையில் வாங்கியவை, ஆரஞ்சு நிறம். என் எண்ணெய் டப்பாவைப் பார்த்து, "இனிமே இந்தக் கர்மம் வேண்டாம் அண்ணி" என்றான். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. சின்னவனுக்கு அரசாங்க வேலை கிடைத்த மாதிரி பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மதகை மூடிவிட்டார்கள். குடிதண்ணீருக்குச் சேமிக்க வேண்டும் என்று இனி திறக்க மாட்டார்களாம். அதாவது ஏரி இப்போதிருக்கும் மட்டத்திலேயே நிற்கும். இப்போதிருக்கும் மட்டம் என்றால் — சுவருக்கு மேலே ஒரு முழம்.


மார்ச் 6, வெள்ளி

நினைத்தது நடந்துவிட்டது. கரையிலிருந்தே பார்த்தேன். ஆரஞ்சு மிதவை மில் சுவரின்மேல் இல்லை. தள்ளி, வெறும் சேற்றுக்கு மேலே, ஆபத்தும் இல்லாத மீனும் இல்லாத இடத்தில் ஜோராக மிதக்கிறது. அதை நம்பி விலகி ஓட்டுகிறவன் நேராகப் போய்ச் சுவரில் ஏறுவான். அடையாளமே இல்லாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவனவன் பயந்து பயந்து ஓட்டியிருப்பான்.

விசில்காரரிடம் போனேன். "உங்களுக்குப் படகோட்டத் தடை உத்தரவு இருக்கு. குறை இருந்தா மிதவைப் பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க" என்றார். மிதவைப் பொறுப்பாளர் எங்கள் வீட்டில் கால்மேல் கால் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளித்தானே இருக்கு அண்ணி. இப்ப ஓட்டறது ஒரே ஒரு படகுதான். அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

இவரிடம் சொன்னேன். "பார்க்கிறேன்" என்றார். எதைப் பார்ப்பார்? மறுபடி தட்டையா?


மார்ச் 9, திங்கள்

நானே போய் டப்பாவைக் கட்டினேன்.


மார்ச் 10, செவ்வாய்

டப்பா மறுபடி கொல்லையில்.


மார்ச் 12, வியாழன்

அந்த ஒரே ஒரு படகை ஓட்டுகிறவரை நாங்கள் வானொலி என்போம். அவர் காதில் விழும் எதுவும் அக்கரை போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பாகிவிடும். யார் வீட்டில் சண்டை, யாருக்கு வரன் பார்க்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை எல்லாம் அவர் படகில் ஏறினால் தெரிந்துகொள்ளலாம். மனுஷன் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரியாது என்று ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இன்று காலை அவர் படகு நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஜாக்கெட்டெல்லாம் பெஞ்சுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறது, அழுக்காகக் கூடாதாம். ஆரஞ்சு மிதவையைப் பார்த்ததும் சரியாக விலகினார், நேராக என் சுவரின் பக்கம். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரை ஒட்டித்தான் போயிருக்க வேண்டும். எஞ்சின் ஒரு முறை முனகியது கேட்டது. படகு குலுங்கியது. பிள்ளைகள் ஓவென்று சிரித்துக் கைதட்டினார்கள்.

துறையில் காத்திருந்து பிடித்தேன். "அண்ணே, மிதவை தப்பான இடத்துல இருக்கு. மில் சுவர் இந்தப் பக்கம்."

"தங்கச்சி, நான் இருபது வருஷமா ஓட்டறேன்."

"இன்னைக்கு உரசிச்சே."

"கட்டை ஏதாவது மிதந்திருக்கும். உன் முடிச்சு அவிழ்ந்ததுக்கு நீ ஏன் எல்லா முடிச்சையும் சந்தேகப்படறே?"

பயணிகள் சிரித்தார்கள். நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். ஆபத்து என்று சொன்னால் நம்ப ஆளில்லை. முடிச்சுப் போடத் தெரியாதவள் சொல்கிறாள்.

நாளைக்கும் அந்தப் பிள்ளைகள் அந்தப் படகில்தான் வருவார்கள்.


மார்ச் 13, வெள்ளி

யோசித்தேன். ஆபத்தைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சரி. யாரும் கேட்காமல் இருக்கவே முடியாததைச் சொல்லலாம்.

மத்தியானம் டீக்கடையில் வானொலி தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் பார்த்தேன். குரலைத் தாழ்த்தினேன்.

"அண்ணே, ஒரு விஷயம். என் கொழுந்தனுக்கு மட்டும் ஏன் கூடை நிறைய மீன் கிடைக்குதுன்னு தெரியுமா?"

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு வீட்ல இருக்க முடியாது."

"சே சே. என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

தெரியும் அண்ணே. தெரிந்துதான் வந்தேன்.

சுவர் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் நிழல், எல்லாம் சொன்னேன். நேற்றுச் சொன்ன அதே இடம்தான், அதே சுவர்தான். நேற்று அவர் காதில் ஏறவில்லை. இன்று மேஜையில் டீயைத் தொட்டுப் படம் போட்டுப் பார்த்துக்கொண்டார்.


மார்ச் 14, சனி

காலையில் துறைக்குப் போனால் மில் சுவரின்மேல் படகுகள். ஒன்றை ஒட்டி ஒன்றாக, வரிசையாக, சுவர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு. சிலர் சுவரிலேயே கயிற்றைக் கட்டியிருந்தார்கள். நான் எத்தனை டப்பா கட்டினாலும் இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்காது. எதிர்வெயிலிலும் தெரிந்தது.

வானொலி சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளோடு படகை அகலமாக வளைத்து ஓட்டிக்கொண்டு போனார். வளைக்காமல் எப்படிப் போக முடியும்?

கொழுந்தன் கடைசியாக வந்தான். அவனுக்கு நிற்க இடம் இல்லை. நடு ஏரியில் துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவன் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படலாம் என்றுதான் வந்திருந்தேன். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.


மார்ச் 15, ஞாயிறு

"யார் சொன்னது?" என்று கொழுந்தன் கேட்டான். மறைக்கவில்லை. அவனிடம் கற்றுக்கொண்டதுதான்.

"நான்தான்."

அத்தை என்னைப் பார்த்த பார்வை! ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை இடம் மாற்றி வைக்க ஆரம்பித்தார், என் கைபட்டதையெல்லாம்.

இவர் தலையணையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் படுக்கப் போய்விட்டார். போகும்போது, "நீ இப்படிப் பண்ணுவேன்னு நான் நினைக்கலை" என்றார்.

"நீங்க பண்ணுவீங்கன்னு நானும் நினைக்கலை" என்றேன்.

தலையணையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போனார். பட்டறை வாசலில் கொசு அதிகம். கடிக்கட்டும்.


மார்ச் 20, வெள்ளி

வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அத்தை சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அளவு குறையவில்லை.


மார்ச் 27, வெள்ளி

ஏரி அலுவலகத்தில் சின்ன விழா. இந்த மாதம் விபத்தே இல்லையாம். அதற்காக மிதவைப் பொறுப்பாளருக்குப் பொன்னாடை. விசில்காரர், "இவர் மிதவை வச்ச பிறகுதான் ஏரி பாதுகாப்பா இருக்கு" என்று பேசினாராம். நான் போகவில்லை. வானொலி வந்து ஒலிபரப்பினார்.

கொழுந்தன் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே கூசியிருக்க வேண்டும். அல்லது கழுத்து வலியாக இருக்கும்.


ஏப்ரல் 7, செவ்வாய்

அக்கரைக்குப் போய்த் தையல்காரம்மாவிடம் சொன்னேன். முடிச்சு அவிழவில்லை, வெட்டினார்கள், வெட்டியது யார், என் வீட்டுக்காரர் என்ன சொன்னார், நான் ஏன் வாயைத் திறக்கவில்லை, எல்லாம்.

மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. ஆனால் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் மெதுவாகத் திறந்து மூடிக் காட்டினார்.

"இதை அன்னைக்கு என் வீட்டுல உக்காந்தப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம் அக்கா."

"ஊசியை எடுத்து வச்சிட்டுப் போனே."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குவிந்திருந்த துணியில் பொத்தான் தைக்க வேண்டியதை என் பக்கம் தள்ளினார். சாயங்காலம்வரை தைத்தேன். என் தையலை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார். பார்க்கட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது.


ஏப்ரல் 16, வியாழன்

இப்போதெல்லாம் தினமும் பொத்தான் தைக்கப் போகிறேன். வானொலியின் படகில்தான், பயணியாக. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஜாக்கெட்டை இழுத்தேன், சிலந்தி ஓடியது. தட்டி மாட்டிக்கொண்டேன். இன்று ஊர்ப்பக்கம் வந்துவிட்டுத் திரும்பிய தையல்காரம்மாவும் அதே படகில். அவருக்கு இன்னும் ஒரு கையால் பட்டை மாட்ட வரவில்லை. நான் இறுக்கிக் கட்டிவிட்டேன். பட்டை நுழைய வசதியாகக் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஏரி அதே மட்டத்தில்தான் நிற்கிறது. ஆனால் மில் சுவரின்மேல் இரண்டே படகுகள்தான் இருந்தன. மற்றவர்களைக் காணவில்லை. இத்தனை பேர் மொய்த்தால் மீன் எத்தனை நாள் இருக்கும்? நாளைக்கு இந்த இரண்டும் போய்விட்டால் சுவர் இருக்கும் இடத்தைக் காட்ட எதுவும் இருக்காது. வானொலி ஏதோ கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே முன்னைவிடச் சுவரை ஒட்டி ஓட்டினார். எதற்காக வளைத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. தூண்டில் கயிறு மாட்டிக்கொள்ளும் என்றுதான் வளைத்திருக்கிறார்.

நான் எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து அவர் பக்கத்தில் போனேன்.

"அண்ணே, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கல்யாணக் கதை பாதியில் நின்றது.

"சுவருக்கு அடியில இதுவரைக்கும் பிடிச்சதெல்லாம் பொடி மீனாம். பெருசெல்லாம் உள்ள இடுக்குல ஒதுங்கி இருக்காம். என் கொழுந்தன் பேசிக்கிட்டிருந்தான்."

"அப்படியா?" என்றார் வானொலி. கண்கள் பளபளத்தன. எஞ்சின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் இருந்த தையல்காரம்மாவுக்குக் கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு அந்த இரண்டு படகுகளைப் பார்த்தார், பிறகு எதிரே ஜாக்கெட் இல்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

துறையில் இறங்கும்போது வானொலியிடம் அவரே போய் மெதுவாகச் சொன்னார். "நானும் கேள்விப்பட்டேன். ஒவ்வொண்ணும் இத்தா தண்டியாம்." மடங்காத விரல்களை விரித்து அளவு காட்டினார்.